முதல் மாநாட்டுப் பயணம்: வாடகைக்கு முன்னால் ரத்து விதியைப் படியுங்கள்

கேள்வி: முதல்முறையாக ஒரு பெருநகரத்தில் நடக்கும் நான்கு நாள் மாநாட்டுக்குப் போகிறேன். நுழைவுச்சீட்டு கைக்கு வந்துவிட்டது. அமைப்பாளர்கள் ஏற்பாடு செய்திருக்கும் ஹோட்டல் அரங்கத்துக்கு நடந்து போகிற தூரம்தான், ஆனால் வாடகை அதிகம். ஆப்பில் தேடினால் பத்து கிலோமீட்டர் தள்ளி ஏறக்குறைய பாதி வாடகைக்கு ஓர் அறை இருக்கிறது. ஆனால் கட்டிய பணம் திரும்பாது என்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: அமைப்பாளர்கள் சொல்லும் அறைக்கு ரத்து வசதி இருந்தால், அதை இன்றைக்கே புக் செய்துவிடுங்கள். மலிவான அறையைப் பற்றி அப்புறம் நிதானமாக யோசிக்கலாம்.

நுழைவுச்சீட்டை முதலில் வாங்கியது நல்ல காரியம். டிக்கெட் மலிவாக வருகிறதே என்று விமானத்தை முதலில் பதிவு செய்துவிட்டு, மாநாட்டுச் சீட்டு கிடைக்காமல் தவிப்பவர்கள் நிறைய. அமெரிக்காவில் காமிக்ஸ், சினிமா ரசிகர்கள் கூடும் சான் டியேகோ காமிக்-கான் போன்ற நிகழ்வுக்கு 1,30,000 பேருக்கு மேல் வருகிறார்கள். அங்கே சீட்டுக்கு ஒரு போட்டி, அறைக்குத் தனியாக இன்னொரு போட்டி. அதனால் சீட்டு, அடுத்து ரத்து செய்யக்கூடிய அறை, கடைசியில் பயண டிக்கெட் என்பதுதான் பத்திரமான வரிசை.

மாநாட்டு அறை ஒதுக்கீடு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். அமைப்பாளர் ஹோட்டலோடு பேசி, இத்தனை அறை, இந்த வாடகை என்று முன்கூட்டியே பிடித்து வைப்பார். அதற்கு ஒரு கெடு தேதி உண்டு. பெரும்பாலும் அது மாநாட்டுக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பாக இருக்கும். அதற்குள் போகாத அறைகள் ஹோட்டலுக்கே திரும்பிவிடும், பிறகு அன்றன்றைய வாடகைதான். இதில் ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. இரண்டு மூன்று இடத்தில் அறை போட்டு வைத்தவர்கள், இலவசமாக ரத்து செய்யும் கெடு நெருங்கும்போதுதான் வேண்டாததை விடுவார்கள். பக்கத்தில் அறையே இல்லை என்று காட்டிய ஹோட்டலில் அந்த ஓரிரு நாளில் திரும்பத் தேடிப் பாருங்கள், கிடைக்கக்கூடும்.

ரத்து விதியைப் படிக்கும்போது அவசரம் வேண்டாம். “10ஆம் தேதி மாலை 6 மணி வரை இலவச ரத்து” என்று சிறிய எழுத்தில் இருக்கும். அந்த 6 மணி பொதுவாக ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரம், உங்கள் ஊர் நேரம் இல்லை. வேறு நாட்டு மாநாடு என்றால் இங்கேதான் பணம் போகும். அதற்குப் பிறகு ரத்து செய்தால் ஓர் இரவு வாடகை போகுமா, முழுத் தொகையும் போகுமா என்பது அடுத்த வரியில் இருக்கும். இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, கெடுவுக்கு இரண்டு நாள் முன்பாக போனில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

சரி, பாதி வாடகைக்கு வருவோம். நான்கு நாளும் போய்வர எட்டு சவாரி ஆகிறது. மாநாடு முடிகிற நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வாசலில் நின்று வண்டி கூப்பிடுவார்கள், ஆப் கட்டணம் எகிறும். அந்த எட்டு சவாரியையும் அறை வாடகையோடு கூட்டிப் பாருங்கள். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்த கால்களுக்கு மதியம் அரைமணி நேரம் அறையில் ஓய்வு கிடைப்பதையும் கணக்கில் சேருங்கள். முதல்முறை போகிறவருக்கு அது பெரிய விஷயம் என்பது என் உறுதியான கருத்து. அரங்க வாசலுக்கே போகும் மெட்ரோ பாதையில், மாறி ஏற வேண்டாத நிலையத்துக்குப் பக்கத்தில் அறை கிடைத்தால் தூரம் ஒரு குறையில்லை. கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிடும்போது கடைசித் திரையில் வரும் மொத்தத் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். வசதிக் கட்டணம், சுத்தம் செய்யும் கட்டணம் என்று சிலர் பின்னால் சேர்ப்பார்கள். அமெரிக்காவில் 2025 மே 12 முதல், தங்குமிடங்கள் இப்படிக் கட்டாயம் வசூலிக்கும் கட்டணங்களை முதலிலேயே விலையோடு சேர்த்துக் காட்ட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அங்கேயும் அரசு வரி தனியாக வரலாம்.

வீட்டு அறைகளும் ஒரு வழிதான். ஜெர்மனியின் ஹனோவர் நகரில் 1947இல் தொடங்கிய தொழில் கண்காட்சிக்கு வந்தவர்களை, ஹோட்டல்கள் போதாமல், ஊர்க்காரர்களே தங்கள் வீடுகளில் வாடகைக்குத் தங்க வைத்தார்கள். இன்று ஆப் வழியாக வீடு எடுப்பதில் ஒரே பயம், கடைசி நேரத்தில் வீட்டுக்காரர் ரத்து செய்வது. உங்கள் பணம் திரும்பி வந்துவிடும், ஆனால் அந்தப் பணத்துக்கு அந்த வாரத்தில் அறை கிடைக்காது.

கேள்வி: “மாநாட்டின் தங்குமிடப் பிரிவிலிருந்து பேசுகிறோம், அறைகள் தீரப்போகின்றன, கார்டு எண்ணைச் சொன்னால் உடனே உறுதி செய்கிறோம்” என்று ஓர் அழைப்பு வந்தது. நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம், வைத்துவிடுங்கள். மாநாட்டுக்கு வருகிறவர்களைக் குறிவைத்து நடக்கும் பழைய மோசடி இது. அமைப்பாளரின் பெயரைச் சொல்லிப் பணம் வாங்குவார்கள். போய் நின்றால் அறை இருக்காது, அல்லது வேறெங்கோ ஓர் அறை இருக்கும்.

மாநாட்டின் சொந்த இணையதளத்துக்கு நீங்களாகப் போய், அங்கே கொடுத்திருக்கும் வழியில் மட்டும் பதிவு செய்யுங்கள். ஏற்கெனவே கார்டு எண்ணைச் சொல்லிவிட்டவர்கள் உடனே வங்கியை அழைத்து அந்தக் கார்டை நிறுத்தச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அமைப்பாளர் வழியாக முறையாகப் பதிவு செய்திருந்தாலும், பெயர்ப் பட்டியல் ஹோட்டலுக்குப் போய்ச் சேர நாளாகும். ஹோட்டலை அழைத்து, “உங்கள் பெயர் இல்லையே” என்று பதில் வந்தால் பதற வேண்டாம். பட்டியல் எப்போது வரும் என்று கேட்டு, மாநாட்டுக்கு ஒரு வாரம் முன்னால் மறுபடி அழையுங்கள்.

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் ஒரே அறையில் தங்குகிறோம். பதிவு என் பெயரில், என் கார்டில். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நான்கு பேர் தங்க அந்த அறையில் அனுமதி உண்டா, கூடுதல் ஆளுக்குக் கட்டணம் உண்டா என்று முதலில் பாருங்கள். நான்கு பெயரையும் பதிவில் சேர்த்துவிடுங்கள். உங்கள் ரயில் தாமதமானாலும் முதலில் வருகிறவர் சாவி வாங்கலாம்.

பணத்தை ஊருக்குப் போய்ப் பிரித்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ரத்துக் கெடுவுக்கு முன்பே ஒவ்வொருவரின் பங்கும் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். ஒருவர் பின்வாங்குவதானால் அந்தத் தேதிக்குள் சொல்லட்டும். அதற்குப் பிறகு வராவிட்டாலும் பங்கு அவருடையதே என்று குழுவில் எழுதி, எல்லோரும் “சரி” என்று பதில் போடட்டும். நட்பு கெடாமலிருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

செக்-இன் செய்யும்போது ஹோட்டல் ஒரு தொகையை டெபாசிட்டாகப் பிடித்து வைக்கும். கிரெடிட் கார்டில் என்றால் வரம்புதான் குறையும். டெபிட் கார்டில் என்றால் உங்கள் கணக்கில் இருக்கும் பணமே முடங்கும், கிளம்பிய பிறகும் விடுபடச் சில நாள் ஆகலாம்.

கேள்வி: மாநாடு தொடங்கும் அன்று காலையில் போய் இறங்கினால் ஓர் இரவு வாடகை மிச்சம்தானே?

பதில்: மிச்சம்தான், ஆனால் முதல்முறைக்கு வேண்டாம். விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் முதல் நாள் சீட்டில் பாதி போய்விடும். அறைச் சாவியும் பொதுவாகப் பிற்பகலில்தான் கிடைக்கும். முந்தைய நாளே அடையாள அட்டை வழங்கும் மாநாடுகளும் உண்டு, மறுநாள் காலை வரிசை மிச்சம். வேறு வழியே இல்லை என்றால், செக்-இன் நேரத்துக்கு முன்பே பெட்டியை வைத்துக்கொள்வார்களா என்று ஹோட்டலில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பெரும்பாலானவர்கள் வைத்துக்கொள்வார்கள். நடுவில் விமானம் மாற வேண்டியிருந்தால் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். தனித்தனியாக வாங்கி முதல் விமானம் தாமதமானால், இரண்டாவதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.