கத்தி இன்னும் இறங்கவில்லை

கேள்வி: சென்ற இதழில் பிரெஞ்சு ஓவியர் டெலாக்ரா வரைந்த மெடியா ஓவியத்தை முழுப் பக்கத்தில் அச்சிட்டிருந்தீர்கள். பெற்ற பிள்ளைகளை ஒரு தாய் வெட்டிக் கொல்வதை அழகாக வரைவதற்குப் பெயர் கலையா? கிரேக்கத் துன்பியல் கதை என்றாலே ஐரோப்பிய ஓவியர்களுக்கு ரத்தம்தான் நினைவுக்கு வருமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: மெடியா, தன்னைக் கைவிட்ட கணவனைப் பழிவாங்கப் பிள்ளைகளைக் கொன்றவள்தான். ஆனால் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. யாரும் யாரையும் வெட்டவில்லை. குகை போன்ற ஓர் இடத்தில் ஒரு பெண் இரண்டு குழந்தைகளை உடம்போடு இறுக்கிப் பிடித்திருக்கிறாள். துரத்தி வருகிறவர்கள் நெருங்கிவிட்டார்களா என்று வெளிச்சம் வரும் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். கண்களின் மேல் நிழல் விழுந்திருக்கிறது. கையில் இருக்கும் குறுவாளை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு பாருங்கள்: பிள்ளைகளைக் காப்பாற்ற ஓடிவந்த தாய் என்றுதான் சொல்வீர்கள். 1838இல் டெலாக்ரா வேண்டுமென்றேதான் அப்படி வரைந்தார். நீங்கள் கண்ட கொலை படத்தில் இல்லை, உங்கள் மனதில் நடந்தது. ஓவியர் விரும்பியதும் அதைத்தான்.

இது டெலாக்ராவின் கண்டுபிடிப்பும் அல்ல. கிரேக்க நாடகாசிரியர் யூரிபிடீஸின் ‘மெடியா’ நாடகம் கி.மு. 431இல் ஏதென்ஸில் அரங்கேறியபோதே, கொலை மேடைக்கு வெளியே, வீட்டுக்குள்தான் நடந்தது. பார்வையாளர்களுக்குக் கிடைத்தது பிள்ளைகளின் அலறல் மட்டும். (அங்கே நடந்த நாடகப் போட்டியில் அந்த நாடகத்துக்கு மூன்றாம் இடம்தான். நடுவர்களும் உங்களைப் போல முகம் சுளித்தார்களோ என்னவோ.) சில நூற்றாண்டுகள் கழித்து ரோமானியக் கவிஞர் ஹோரஸ், மெடியா மக்கள் கண்முன்னே பிள்ளைகளைக் கொல்லக் கூடாது என்று விதியாகவே எழுதிவைத்தார்.

ஓவியர்களும் அதே வழியில்தான் போனார்கள். டிமோமாக்கஸ் என்ற கிரேக்க ஓவியர் வரைந்த மெடியாவையும், டிராய்ப் போர் வீரன் அஜாக்ஸையும் ஜூலியஸ் சீசர் 80 தாலந்து என்ற பெருந்தொகை கொடுத்து வாங்கி, தான் கட்டிய வீனஸ் கோயிலில் வைத்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்கிறார். அந்த மெடியா முற்றுப்பெறாத படம். முடித்த படங்களைவிட அதற்கே மதிப்பு அதிகமாக இருந்தது என்பதும் அவர் சொல்லும் செய்தி. மூலப் படம் அழிந்துவிட்டது. ஆனால் அதன் சாயல் என்று பலர் கருதும் சுவரோவியம் ஒன்று, எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பேயியின் வீடொன்றிலிருந்து கிடைத்து, இன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு சிறுவர்கள் எலும்புக் காய்களை வைத்து விளையாடுகிறார்கள். அவர்களைக் கவனித்துக்கொள்ளும் கிழவர் பின்னால் நிற்கிறார். ஓரத்தில் தாய், கை வாளின் மீது. அவ்வளவுதான். அந்த விளையாட்டு முடியப்போவதில்லை என்று தெரிந்தவர்கள் இருவர்தான்: அவளும், படத்தைப் பார்க்கிற நாமும்.

1766இல் ஜெர்மானிய எழுத்தாளர் லெஸ்ஸிங் டிமோமாக்கஸைப் புகழ்ந்ததும் இதற்காகத்தான். உச்சத்தை வரைந்துவிட்டால் பார்ப்பவரின் கற்பனைக்கு அதற்கு மேல் போக இடமில்லை. தாய்ப்பாசமும் வெறியும் இன்னும் மோதிக்கொண்டிருக்கும் கணத்தை வரைபவனே விவரம் தெரிந்தவன் என்பது அவர் வாதம். லெஸ்ஸிங் சொன்ன எல்லாவற்றையும் ஏற்பவன் அல்ல நான். இதை ஏற்கிறேன்.

ரத்தம் காட்டியவர்களே இல்லையா என்றால், உண்டு. தென் இத்தாலியில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட ஜாடி ஒன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் மெடியா மகனைப் பிடித்து வாளைச் செருகுகிறாள். ஆனால் காலம் கடந்து பேசப்பட்டவை அத்தகைய படங்கள் அல்ல. அறியாமல் தந்தையைக் கொன்று தாயை மணந்து, உண்மை தெரிந்ததும் தன் கண்களைக் குத்திக்கொண்ட ஈடிபஸை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு ஓவியர்கள் ஆங்கரும் (1808) குஸ்தாவ் மோரோவும் (1864) அவன் கண்ணைக் குத்திக்கொள்வதை வரையவில்லை. ஸ்பிங்ஸ் என்ற பெண்முக அரக்கியின் புதிருக்கு விடை கண்டு ஜெயிக்கிற இளைஞனைத்தான் வரைந்தார்கள். புதிரை அவிழ்த்ததற்குப் பரிசாகவே தாயை மணக்கப் போகிறான் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

இனி நான் உங்களைக் கேட்கிறேன். பிள்ளையைக் கொன்ற தாய்தான் உங்களை உறுத்துகிறாள். பிள்ளையைக் கொன்ற தகப்பனும் அதே கதைக்கூட்டத்தில் உண்டே? டிராய்க்குப் போகக் கப்பல்களுக்குக் காற்று வேண்டும் என்பதற்காக மகள் இபிஜீனியாவைப் பலிபீடத்துக்கு அழைத்து வந்தவன் அகமெம்னன். அந்தக் காட்சியைத் தீட்டிய கிரேக்க ஓவியர் டிமாந்தஸ், சுற்றி நின்ற ஒவ்வொருவர் முகத்திலும் துயரத்தை வரைந்துவிட்டு, தந்தையின் முகத்தை மட்டும் துணியால் மூடிவிட்டார். அந்தத் துயரத்தை எந்தத் தூரிகையும் எட்டாது என்று ரோமானியப் பேச்சாளர் சிசரோ முதல் எல்லோரும் அந்தத் துணியைக் கொண்டாடினார்கள். பொம்பேயிச் சுவரிலும் அவன் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறான். 1757இல் இத்தாலியின் விசென்சா நகருக்கு அருகே வல்மரானா மாளிகைச் சுவரில் இத்தாலிய ஓவியர் டியெபோலோ வரைந்தபோதும் மேலாடையால் முகத்தை மறைத்துக்கொள்கிறான். கொல்லச் சம்மதித்த தகப்பனுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாக ஓவியர்கள் ஒரு முக்காடு கொடுத்து மரியாதை காட்டியிருக்கிறார்கள். மெடியாவுக்கு அந்தச் சலுகையை யாரும் தரவில்லை. அவள் முகத்தை எல்லோரும் பார்த்தாக வேண்டும். டெலாக்ரா மட்டும் கொஞ்சம் நிழல் கொடுத்தார்.

டியெபோலோவின் அந்த ஓவியம் அடுத்த இதழில் முழுப் பக்கத்தில் வருகிறது. அதற்கும் உங்கள் கண்டனக் கடிதத்தை எதிர்பார்க்கிறேன்.