பல வருடம் நின்ற பழைய பைக்கில் லீவரைப் பிடித்தாலும் கிளட்ச் விடவில்லை; கியர் போட்டதும் வண்டி பாய்கிறது. என்ன செய்வது?

நெடுநாள் ஓடாமல் நின்றது என்றால் முதல் சந்தேகம் கிளட்ச் பிளேட்டுகள் மேல்தான். எண்ணெய் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இன்ஜினை அணைத்துவிட்டு லீவரை முழுக்க இழுத்துக் கட்டி, நியூட்ரலில் கிக்கரை மிதியுங்கள். இன்ஜின் சுற்றாமல் கிக்கர் வழுக்கினால் பிளேட் பிரிந்துவிட்டது. இது பிரைமரி கிக் (கிளட்ச் பிடித்திருந்தாலும் கிக்கர் இன்ஜினைச் சுற்றும் அமைப்பு) இல்லாத பழைய மாடல்களுக்குத்தான் பொருந்தும். மற்றவற்றில் டாப் கியர் போட்டு, லீவரைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள்.

பிரியவில்லையா? கழற்றும் முன் கேபிளைப் பாருங்கள். லீவரும் அதன் தாங்கியும் சேரும் இடத்தில் 2–3 மி.மீ. ஃப்ரீ பிளே (கேபிள் இறுகும் முன் லீவர் சும்மா நகரும் தூரம்) போதும். அதிகம் இருந்தால் புஷ் ராடு (பிளேட்டுகளைப் பிரிக்கத் தள்ளும் கம்பி) போதிய தூரம் நகராது. கேபிள் அட்ஜஸ்டரை மட்டும் திருகிக்கொண்டே போவது வீண். அதை முழுக்கத் தளர்த்தி, முதலில் புஷ் ராடு ஸ்க்ரூவைச் சரிசெய்யுங்கள்: லேசாகத் தொட்டதும் அரைச் சுற்று பின்னால், பிறகு லாக் நட்.

அடுத்து கிளட்ச் கவரைத் திறந்து, ஒருவர் லீவரை இழுக்க பிரஷர் பிளேட்டை (பிளேட்டுகளை ஸ்பிரிங் விசையால் அழுத்திப் பிடிக்கும் தட்டு) கவனியுங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்பிரிங் நட்டுகளைச் சமன்செய்ய வேண்டும். பலரும் இதைத்தான் தவறவிடுகிறார்கள். நேராகத் தூக்கியும் கிளட்ச் விடவில்லை என்றால், ஸ்டீல் பிளேட்டுகளைக் கண்ணாடி மேல் வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வளைவு பாருங்கள். கிளட்ச் பாஸ்கெட்டின் (பிளேட்டுகள் உட்காரும் கூடை) பள்ளங்களில் பிளேட் காது (விளிம்பில் நீட்டும் பல்) தின்ற தழும்பு இருந்தாலும் பிளேட் நகராமல் மாட்டும். ஆழமில்லை என்றால் அரத்தால் நேராக்கலாம்.