நான்கரை சி.சி. விவகாரம்: பிஸ்டன் மாற்றம் பற்றிய கேள்வி பதில்

டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டனை மாற்றிக் கம்ப்ரெஷனை (பிஸ்டன் அடியில் நிற்கும்போதும் உச்சியில் நிற்கும்போதும் மேலே உள்ள இடங்களின் விகிதத்தை; 9.4:1 என்று எழுதுவது இதைத்தான்) கூட்டுவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே கேள்வி பல வடிவில் வந்ததால் சிலவற்றை ஒன்றாக்கிவிட்டேன். கணக்குக்கு டொயோட்டாவின் பழைய 4ஏ-ஜிஇ எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். என் கைகளில் அதிகம் கரி பூசியது அதுதான்.

கேள்வி: என்னுடையது 9.4:1 எஞ்சின். பின்னால் வந்த 10.3:1 எஞ்சினின் பிஸ்டன்களைப் போட்டால் எவ்வளவு பவர் கூடும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. பெட்ரோல் எஞ்சினுக்கான ஆட்டோ (Otto) சுழற்சியின் ஏட்டுக் கணக்குப்படி 9.4-லிருந்து 10.3-க்குப் போனால் வெப்பத் திறன் சுமார் இரண்டரை சதவீதம் உயரும். 120 குதிரைத்திறன் எஞ்சினில் அது 3 குதிரைத்திறன். மேலே போகப் போக ஆதாயம் இன்னும் சுருங்கும். 9-லிருந்து 10-க்கு ஏறினால் கிடைப்பது 11-லிருந்து 12-க்கு ஏறும்போது கிடைக்காது. ஆனால் பாதி ஆக்சிலரேட்டரில், கீழ் வேகங்களில் எஞ்சின் துடிப்பாக இழுப்பதை உணர்வீர்கள். எஞ்சினை எப்படியும் பிரிக்கப் போகிறீர்கள் என்றால் செய்யுங்கள். இதற்காக மட்டும் நல்ல எஞ்சினைப் பிரிக்க நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: விற்பவர் "11:1 பிஸ்டன்" என்கிறார். போட்டால் 11:1 வந்துவிடுமா?

பிஸ்டனுக்குத் தனியாக விகிதம் கிடையாது. குறிப்பிட்ட ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி), குறிப்பிட்ட கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலான அடைப்புத் தகடு), குறிப்பிட்ட பிளாக் உயரம் இவற்றோடு சேர்ந்தால்தான் அந்த எண். இந்த எஞ்சினின் போர் (சிலிண்டர் விட்டம்) 81 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம்) 77 மி.மீ. ஒரு சிலிண்டர் சுமார் 397 சி.சி. 9.4:1 என்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 47.2 சி.சி.; 10.3:1 என்றால் 42.7 சி.சி. வித்தியாசம் நான்கரை சி.சி., ஒரு தேக்கரண்டிகூட இல்லை. முன்பு யாரோ ஹெட்டை ஒருமுறை சீவியிருந்தாலே இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும்.

ஆகவே அளந்துதான் ஆக வேண்டும். வால்வுகளையும் ஸ்பார்க் பிளக்கையும் பொருத்தி ஹெட்டைக் கவிழ்த்து வையுங்கள். விளிம்பில் கிரீஸ் தடவி, துளையிட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகையால் மூடி, பியூரெட்டிலிருந்து திரவம் விட்டு நிரப்புங்கள். நான்கு அறைகளையும் அளக்க வேண்டும். நான்கும் ஒன்றாக இருக்காது. பிஸ்டன் தலையில் புடைத்திருக்கும் மேடையை அளக்க, அதைச் சிலிண்டரில் தெரிந்த ஆழத்துக்கு இறக்கி, மேலே நிரம்பும் அளவைப் பாருங்கள். வெறும் உருளைக்குரிய கொள்ளளவிலிருந்து எவ்வளவு குறைகிறதோ அதுதான் மேடையின் அளவு. கேஸ்கெட்டை அழுந்திய தடிமனில் கணக்கிடுங்கள், புதிதாகப் பிரித்த தடிமனில் அல்ல.

கேள்வி: போர், ஸ்ட்ரோக் இரண்டும் ஒன்றுதானே? அப்படியே மாட்ட முடியாதா?

பிஸ்டன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் தண்டு) எங்கே போகும்? இந்தக் குடும்பத்தில் முதலில் வந்தவற்றில் பிஸ்டன் பின் 18 மி.மீ., பிற்பாடு 20 மி.மீ. பின் சேரவில்லை என்றால் கனெக்டிங் ராடும் மாற வேண்டும், ராடு மாறினால் கிராங்கையும் பார்க்க வேண்டும். பின் மையத்திலிருந்து பிஸ்டன் உச்சி வரையிலான உயரத்தையும் ஒப்பிடுங்கள்.

கேள்வி: மேடு வைத்த பிஸ்டனில் வால்வு இடிக்கும் என்கிறார்களே?

இடிக்கும். நான் முதன்முதலில் கட்டிய எஞ்சினில் இடித்தது. கையால் சுற்றிப் பார்த்தேன், தடையில்லாமல் சுற்றியது, திருப்தியாக மூடிவிட்டேன். வேகம் ஏறியபோது இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகள் வளைந்தன. கையால் சுற்றும்போது ராடு நீளாது, வால்வு மிதக்காது (ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாமல் தாமதமாக மூடாது). அந்தச் சோதனைக்கு மதிப்பே இல்லை.

பிஸ்டன் தலையில் களிமண் அப்பி, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை இறுக்கி, கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டுக் கழற்றி, பதிந்த இடத்தை வெட்டித் தடிமனை அளக்க வேண்டும். பழைய கேஸ்கெட் ஏற்கெனவே அழுந்தியது என்பதால் உண்மையான அளவு கிடைக்கும். இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். எக்ஸாஸ்டுக்கு ஏன் கூடுதல் என்றால், அந்த வால்வைப் பிஸ்டன் துரத்திக்கொண்டு வருகிறது. மிக நெருங்குவது உச்சியில் அல்ல. அதற்குச் சுமார் 10 டிகிரி முன்னும் பின்னும்தான்.

கேள்வி: பிஸ்டனை விட்டுவிட்டு மெல்லிய கேஸ்கெட் போட்டால்?

பல நேரம் அதுவே புத்திசாலித்தனம். இதே எஞ்சினில் 0.5 மி.மீ. மெல்லியதாகப் போட்டால் சுமார் 2.6 சி.சி. குறைந்து 9.4 என்பது 9.9 ஆகிவிடும். பிஸ்டனின் தட்டையான ஓரமும் ஹெட்டும் நெருங்குவதால் கலவை நடுவே பீய்ச்சப்பட்டு வேகமாக எரியும்; நாக்கிங்கும் (கலவை தானாக வெடித்துத் தட்டுவதும்) குறையும். அந்த இடைவெளிக்கு 1 மி.மீ. நல்ல இலக்கு. 0.8-க்குக் கீழே போனால் உயர் வேகத்தில் பிஸ்டன் ஹெட்டை முத்தமிடும். ஹெட் கீழே இறங்கும்போது பெல்ட் ஓட்டும் கேம்ஷாஃப்டின் (வால்வுகளைத் திறக்கும் தண்டின்) டைமிங் சற்றுப் பின்தங்கும் என்பதால், திருத்தக்கூடிய கேம் புல்லி இருந்தால் நல்லது.

கேள்வி: கம்ப்ரெஷன் கேஜில் 12 பார் காட்டுகிறது. அப்படியானால் 12:1 தானே?

இல்லை. அழுத்தும்போது காற்று சூடாவதும், இன்டேக் வால்வு மூடும் நேரமும் அந்த எண்ணில் கலந்திருக்கின்றன. சிலிண்டர்களை ஒன்றோடொன்று ஒப்பிடத்தான் கேஜ்.

கேள்வி: நீண்ட நேரம் திறந்திருக்கும் ரேஸ் கேம் போட்டிருக்கிறேன். 11.5:1 தாங்குமா?

நல்ல கேள்வி, இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு திறந்திருந்தால் அதுவரை அமுக்கம் நடப்பதில்லை. பெரிய கேம் போட்டுக் கம்ப்ரெஷனை மாற்றாத எஞ்சின் கீழ் வேகத்தில் சோம்பிக் கிடப்பது அதனால்தான். கேமும் பிஸ்டனும் ஜோடி. சாதாரணக் கேமோடு முரண்டு பிடிக்கும் 11.5, உங்கள் கேமோடு அடங்கிப் போகலாம். முடிவைச் சொல்வது பெட்ரோலின் ஆக்டேன், அதாவது நாக்கிங்கைத் தாங்கும் அளவு.

கேள்வி: லேசாக நாக்கிங் கேட்கிறது. ஸ்பார்க் டைமிங்கைப் பின்னால் தள்ளி ஓட்டலாமா?

கொஞ்சம் தள்ளுவது இயல்பு. அடர்ந்த கலவை வேகமாக எரிவதால் முன்பிருந்த அளவுக்கு அட்வான்ஸ் (முன்கூட்டியே பொறி கொடுப்பது) தேவைப்படாது. ஆனால் நாக்கிங்கை அடக்குவதற்காகவே நிறையத் தள்ளினால் கூட்டிய 3 குதிரைத்திறனும் போய், எக்ஸாஸ்டும் சூடேறும். நாக் சென்சார் உள்ள கார்கள் உங்களுக்குத் தெரியாமலே இதைச் செய்துகொண்டிருக்கும்.

கேள்வி: மாஸ்டா 14:1 வைத்துச் சாதாரணப் பெட்ரோலில் ஓட்டுகிறதே?

நேரடி எரிபொருள் பீய்ச்சல் அறையைக் குளிர்விக்கிறது, நீளமான எக்ஸாஸ்ட் குழாய்கள் சூடான எச்சவாயு திரும்பாமல் தடுக்கின்றன, பிஸ்டன் நடுவே குழி இருக்கிறது, வால்வு டைமிங் ஓட்டத்திலேயே மாறுகிறது. இவையெல்லாம் சேர்ந்தவன் 14 வைக்கட்டும். நமக்குக் கிடைத்திருப்பது பிஸ்டன் மட்டும்.

கேள்வி: சிலிண்டரைத் தொடாமல் புதுப் பிஸ்டனை மட்டும் இறக்கலாமா?

போரை மேலும் நடுவிலும் கீழும் அளந்த பிறகு கேளுங்கள்.