தோல் சோதனையில் பூஞ்சைக்கு ஒன்றும் எழும்பவில்லை என்றால்

அண்ணாச்சி, சேரன்மகாதேவியில் அப்பாவுக்கு வைக்கோல் படப்பைப் பிரித்தாலே இளைப்பு வருகிறது, ஒவ்வாமை சோதனைக்காகப் பூஞ்சைச் சாறு வைத்துத் தோலில் குத்திப் பார்த்தும் தடிப்பு ஒன்றும் எழும்பவில்லை, படப்புப் பூஞ்சையைச் சுரண்டி நாமே சாறு எடுத்துச் சோதனைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஐப்பசி மழையில் நனைந்து அடிப்பக்கம் கருத்த வைக்கோலை உருவும்போது புகை மாதிரி எழும்புமே, அதில் பல பூஞ்சைகளும் பாக்டீரியாவும் கலந்து கிடக்கும்.

முறையான சாறுக்கு ஒரே இனத்தைத் தனியாக வளர்த்து, இழையும் வித்துத்தூளும் சேர்த்து உலர்த்தி, கொழுப்பு நீக்கி, உப்புக் கரைசலில் குளிரில் ஊறவைத்து, நுண்வடிகட்டியில் வடித்து, கிளிசரின் சேர்ப்பார்கள். அப்படியும் ஒரே மாதிரி வராது. ஆல்டர்னேரியா என்ற பூஞ்சையில் வளர்த்த நாளும் ஊடகமும் மாறினாலே ஆல்ட் ஏ 1 என்ற முக்கியப் புரதத்தின் அளவு மாறிவிடும். பூஞ்சையின் நொதிகளே மற்றப் புரதங்களைச் சிதைக்கும். அதனால் எழும்பவில்லை என்பதை வைத்து ஒவ்வாமை இல்லை என்று சொல்லிவிட முடியாது.

சோதனை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஹிஸ்டமின் என்ற மருந்தையும் குத்துவார்கள், அந்த இடமாவது தடித்ததா? முந்தின வாரம் செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதுவே அடங்கியிருக்கும், சோதனை செல்லாது. ஒவ்வாமையைக் காட்டும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்துக்கான ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.

அப்புறம், படப்பு பிரித்து 4 முதல் 8 மணி நேரம் கழித்துக் காய்ச்சல், குளிர், இருமல் வருகிறதா? அது வேறு நுரையீரல் நோய், தோல் சோதனையில் தெரியாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் நெஞ்சுநோய் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். அதுவரை வைக்கோலை வேறு யாராவது உருவட்டும்.