வளையச் சாய்வு வேறு, நாரின் சாய்வு வேறு

பொள்ளாச்சித் தம்பிக்கு,

ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரப் பலகையின் முனையில் ஆண்டு வளையங்கள் சாய்ந்திருப்பதால், விமான இறக்கையின் பாரம் தாங்கும் நீள உத்திரமான ஸ்பாருக்கு ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அங்குலத்துக்கு 6 வளையத்துக்குக் குறையாமல் இருந்தால் அந்தச் சிறு சாய்வைப் பொறுத்துக்கொள்ளலாம். போகிற போக்கில் எழுதிய அடுத்த வரிதான் என்னை உலுக்கியது: 12 அங்குல நீளத்துக்குள் நார் பலகையின் நேர்கோட்டிலிருந்து ஓர் அங்குலம் விலகுகிறது! 15 அங்குலத்துக்கு ஓர் அங்குலம் என்பதே எல்லை. இறக்கை வளையும்போது மரம் நாரோடு பிளந்துகொள்ளும். கழித்துவிடுங்கள்; காசு போனால் வயிறு எரியத்தான் செய்யும்.

அடுத்த பலகையில் கண்ணை நம்பாதீர்கள். அகன்ற பக்கத்திலும் விளிம்பிலும் பேனா மை ஒரு சொட்டு விடுங்கள். நார் ஓடும் திசையில் மெல்லிய கோடாக ஊறும். கோவை மர மில்லில் எவ்வளவு நேராக அறுத்துக் கொடுத்தாலும் உள்ளே நார் தன் வழியில்தான் ஓடும்.