மணப்பெண் ரவிக்கைத் தையல்: ஆர்டரைக் கூட்டுவதா, வருமானத்தைக் கூட்டுவதா?

கேள்வி: கும்பகோணத்தில் வீட்டின் முன்னறையில் தையல் தொழில் செய்கிறேன். மோட்டார் பொருத்திய இரண்டு மெஷின்கள், ஆரி (கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) வேலைக்கு ஒரு சட்டம், உதவிக்கு ஒரு பெண் இருக்கிறார்கள். மணப்பெண் ரவிக்கைகள்தாம் முக்கிய வேலை. தையிலும் ஆவணியிலும் இரவு பகலாகத் தைத்தாலும் கையில் பணம் நிற்பதில்லை; ஆடியிலும் மார்கழியிலும் வேலையே இருப்பதில்லை. ஆல்டரேஷன் கேட்டு வருபவர்களுக்கு 50 ரூபாய்க்குச் செய்து கொடுக்கிறேன், தெரிந்தவர்களிடம் அதையும் வாங்குவதில்லை. கடன் வாங்கிக் கடைவீதியில் கடை எடுக்கலாமா? மாப்பிள்ளை உடைகளின் ஆல்டரேஷனையும் ஏற்கலாமா?

பதில்: கடையைப் பற்றி முடிவெடுக்கும் முன் உங்கள் நேரத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள், சகோதரி. உதாரணத்துக்கு, ஆரி வேலை செய்த ஒரு ரவிக்கைக்கு நீங்கள் 3,500 ரூபாய் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மணி, நூல், ஜரி, லைனிங் ஆகியவற்றுக்கு 650 ரூபாயும், ஆரி போடுபவருக்குக் கூலியாக 1,400 ரூபாயும் போனால் மீதி 1,450 ரூபாய். மாதிரி காட்டிப் பேசி அளவெடுக்க ஒரு மணி நேரம், டிசைன் வரைய இரண்டு மணி நேரம், வெட்டித் தைக்க ஐந்து மணி நேரம், போட்டுப் பார்த்துத் திருத்த இரண்டு மணி நேரம் என்று கூட்டினால் உங்கள் உழைப்பு பத்து மணி நேரம். அதாவது மணிக்கு 145 ரூபாய். மின்சாரமும் மெஷின் பராமரிப்பும் இதிலிருந்துதான் போக வேண்டும். மாறாக, ஒரு ரெடிமேட் ரவிக்கையின் பக்கத் தையலைப் பிரித்து அளவு கூட்டித் தைக்க அரை மணி நேரம் ஆகும். அதற்கு 120 ரூபாய் வாங்கினால் மணிக்கு 240 ரூபாய் நிற்கும், பொருள் செலவும் நூலோடு முடிந்துவிடும். நீங்கள் உபகாரமாக நினைத்துச் செய்து கொடுக்கும் வேலையே உங்கள் நேரத்துக்கு அதிகம் தரக்கூடிய வேலையாக இருக்கிறது. என் எண்களை விட்டுவிட்டு உங்கள் எண்களைப் போட்டு, ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு துணிக்கும் எடுத்த நேரத்தைக் குறித்துப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகு, தெரிந்தவர் என்பதற்காகக் கூலியை விட்டுக்கொடுக்க உங்களுக்கே மனம் வராது.

ஆகவே முதலில் ஆல்டரேஷனை ஒரு தனித் தொழிலாக நிறுத்துங்கள். கை இறுக்கம் தளர்த்த, பக்கம் பிரிக்க, கழுத்து ஏற்ற, ஹூக் பட்டி மாற்ற, ஃபால்ஸ் தைக்க, பிகோ அடிக்க இவ்வளவு என்று விலைப்பட்டியல் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். வாரத்தில் இரண்டு நாள் காலையை அதற்கு மட்டும் ஒதுக்குங்கள். துணியை வாங்கும்போதே அதன் நிலையை வாடிக்கையாளருடன் சேர்ந்து பார்த்து, கறை, ஜரி பிரிந்த இடம், நைந்த மடிப்பு எல்லாவற்றையும் ரசீதில் எழுதிப் புகைப்படமும் எடுத்து வைப்பது மிக அவசியம். அம்மாவின் முகூர்த்தப் பட்டை மகள் உடுத்த விரும்பிப் பழைய ரவிக்கையைக் கொண்டுவரும்போது, மடிப்பு விழுந்த இடங்களில் பட்டு இற்றுப்போயிருக்கும். அதைச் சொல்லாமல் வாங்கிவிட்டால் பிறகு கிழிசலுக்கு நீங்கள் பொறுப்பாவீர்கள். லெஹங்காவின் நீளத்தைக் குறைக்கச் சொன்னால் அடியோரத்தில் கை வைக்காதீர்கள். கரை வேலைப்பாடு முழுவதும் அங்கேதான் இருக்கும் என்பதால், இடுப்புப் பட்டியைப் பிரித்து மேலிருந்து குறைப்பதே முறை. நேரம் கூடுதலாகும், கூலியையும் அதற்கேற்பச் சொல்ல வேண்டும்.

மணப்பெண் ரவிக்கையில் பணமும் தூக்கமும் வீணாவது பெரும்பாலும் கடைசி நேரத் திருத்தத்தில்தான். ஆரி வேலையைத் துணி வெட்டுவதற்கு முன்பே, அளவு வரைந்த கோட்டை ஒட்டிப் போட்டுவிடுகிறோம். கழுத்தோரத்திலும் கையோரத்திலும் மணி பதித்துவிட்ட பிறகு அந்தக் கோட்டை நகர்த்த இயலாது. அளவு ரவிக்கை ஒன்றை மட்டும் நம்பி வரைந்தால், அது இரண்டு வருடம் முன் தைத்ததாகவும், பலமுறை துவைத்துச் சுருங்கியதாகவும் இருக்கக்கூடும். ஆகவே உடலிலேயே அளவெடுங்கள். திருமணத்தன்று அணியப்போகும் உள்ளாடையையே அன்றும் அணிந்துவரச் சொல்லுங்கள். அதன் பிறகு காடாத் துணியில் ஒரு மாதிரி ரவிக்கையை வெட்டி, எளிதில் பிரிக்கக்கூடிய நீளத் தையலில் தைத்து மணப்பெண்ணுக்குப் போட்டுப் பார்த்துத் திருத்தி, அந்தத் திருத்திய வடிவத்தைத்தான் பட்டில் வரைய வேண்டும். காடாத் துணிக்கும் ஒரு மணி நேரக் கூலிக்கும் ஆகும் செலவை விலையில் சேர்த்துவிடுங்கள். கட்டோரி, பிரின்சஸ் கட் என்று ரவிக்கையின் வெட்டு எதுவானாலும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். இதைச் செய்யத் தயங்கும் தையல்காரர்கள் எல்லோரும் சொல்லும் காரணம் நேரமில்லை என்பது. ஆனால் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு மணி பதித்த கையைப் பிரித்து உட்காரும் நேரத்தை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டு பக்கத் தையலிலும் உள்ளே ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் துணி விட்டு வையுங்கள். லைனிங் பருத்தித் துணியாக இருந்தால் முதல் நாளே தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். இல்லாவிட்டால் லைனிங் பின்னர் சுருங்கிப் பட்டை இழுத்துச் சுருக்கம் காட்டும். பட்டில் ஊசி போன துளை மறையாது என்பதால், இறுதித் தையலுக்கு முன் நீளத் தையல் போட்டே ட்ரயல் பார்க்க வேண்டும். மெல்லிய பட்டுக்கும் டிஷ்யூ துணிக்கும் 9 அல்லது 11 எண் ஊசியே போதும். ஜரி உள்ள பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்காமல், மேலே ஒரு பருத்தித் துணி விரித்துத் தேயுங்கள்.

முகூர்த்த நாளிலிருந்து பின்னோக்கி நாள் குறிக்கும் வழக்கத்தைக் கொண்டுவருவது அடுத்த வேலை. 45 நாள் முன்பு மாதிரி ரவிக்கை ட்ரயல், அதிலிருந்து மூன்று வாரத்துக்குள் ஆரி வேலை முடிவு, 15 நாள் முன்பு தைத்த ரவிக்கையின் ட்ரயல், 7 நாள் முன்பு ஒப்படைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஏழு நாளில் அந்த வீட்டுக்குப் புது வேலை எதுவும் ஏற்காமல், திருத்தத்துக்கு மட்டும் விட்டு வையுங்கள். உங்களிடம் ஒரே ஒரு ஆரிச் சட்டம் இருப்பதால், ஒரு முகூர்த்த வாரத்துக்கு எத்தனை மணப்பெண்களை ஏற்க முடியும் என்பதை அந்தச் சட்டம்தான் முடிவு செய்யும். அந்த எண்ணிக்கை நிரம்பியதும் அடுத்து வருபவரிடம் முடியாது என்று சொல்ல வேண்டும். சொன்ன நாளில் கொடுப்பவர் என்ற பெயர் பரவியபின், சற்று அதிக விலை சொன்னாலும் வருவார்கள் என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஊருக்கு அருகில் பட்டு நெசவுக்குப் பேர்போன திருபுவனம் இருப்பதால் வெளியூர்க் குடும்பங்களும் பட்டெடுக்க வந்த கையோடு உங்களிடம் துணி கொடுக்க விரும்பலாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பட்டின் பெயர் உங்களுக்கும் வேலை கொண்டுவரும். ஆனால் இரண்டு ட்ரயலுக்கும் நேரில் வர ஒப்புக்கொள்ளாத வெளியூர் மணப்பெண்ணின் ஆரி ரவிக்கையை ஏற்காதீர்கள். சாதாரண ரவிக்கை, ஃபால்ஸ், முந்தானைக் குச்சு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முன்பணம் பாதி என்பது பழைய வழக்கம். உங்களுக்கு அது போதாது. மேலே சொன்ன கணக்கில் பொருளும் ஆரிக் கூலியும் சேர்ந்து 2,050 ரூபாய், பாதி முன்பணமோ 1,750 ரூபாய்தான்; மிச்சத்தை உங்கள் கையிலிருந்து போட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறீர்கள். 60 சதவீதம், அதாவது 2,100 ரூபாய் வாங்கினால் அந்தச் சுமை இராது.

ஆடியும் மார்கழியும் இந்துத் திருமணங்களுக்குத்தான் ஓய்வு மாதங்கள். ஆடியில் கிறிஸ்தவ, முஸ்லிம் வீடுகளில் திருமணம் நடக்கத் தடையில்லை. கிறிஸ்மஸ் முடிந்த வாரங்களிலும் கிறிஸ்தவத் திருமணங்கள் உண்டு. வெள்ளைச் சேலைக்கான ரவிக்கை, கவுன் அளவு திருத்தம், ஷராரா தையல் ஆகியவற்றில் இரண்டொரு மாதிரிகளைத் தைத்துக் காட்டினால் அந்த வீடுகளும் உங்களைத் தேடிவரும். மணப்பெண் அலங்காரக் கலைஞர்களிடமும் பேசுங்கள். சேலை மடிப்பு வைத்துக் கொடுக்கும் அவர்களுக்கு, ரவிக்கை பொருந்தாமல் போகும் நேரத்தில் அழைக்க நம்பகமான ஒருவர் தேவைப்படுவார். ஆரி போட இரண்டாவதாக ஒரு பெண்ணைப் பழக்குவதற்கும் ஆடியே ஏற்ற காலம். ஹூக், கை ஹெம்மிங், குச்சு கட்டுவதை அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் துண்டுக் கூலிக்குக் கொடுக்கலாம். அளவெடுப்பதும் வெட்டுவதும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

கடையைப் பொறுத்தவரை, இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. முன்னறையில் ஆளுயரக் கண்ணாடி, திரை போட்ட ட்ரயல் மறைவிடம், துணியின் நிறம் மாறாமல் தெரியும் வெள்ளை வெளிச்சம் ஆகிய மூன்றும் அமைந்தால், மணப்பெண் வீட்டார் கடைவீதியில் எதிர்பார்ப்பது இங்கேயே கிடைத்துவிடும். மெஷின் வாங்குவதானால் வேகமாகத் தைக்கும் பவர் மெஷின் ஒன்றும், துணியோரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் ஒன்றும் போதும். இரண்டும் ஆல்டரேஷனுக்கே முதலில் பயன்படும். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் உங்கள் அளவுக்கு இப்போது பாரமாகிவிடும். இதற்கான பணத்துக்கு, சிறுதொழிலுக்குக் கடன் தரும் மத்திய அரசின் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரையும் ஈடு இல்லாமல் வங்கியில் கடன் கேட்கலாம். அதற்கு முன் உத்யம் என்ற சிறுதொழில் பதிவைச் செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பான் எண்ணும் கொண்டு அரசு இணையதளத்தில் நீங்களே செய்யலாம், கட்டணம் எதுவும் கிடையாது, பணம் கேட்கும் இடைத்தரகரிடம் கொடுக்காதீர்கள். கடன் தொகையை, ஆடி மாதத்தில் ஆல்டரேஷனில் மட்டும் வரும் பணத்துக்குள் தவணை அடங்குமாறு முடிவு செய்யுங்கள். கடை வாடகைக்கும் இதே அளவுகோல்தான்: தொடர்ந்து மூன்று மாதம் ஆல்டரேஷன் வருமானம் மட்டுமே வாடகையைத் தாங்கினால் அப்போது இடம் பாருங்கள்.

மாப்பிள்ளை உடைகளில் பேன்ட் இடுப்பு, பேன்ட் நீளம், குர்தா பக்கத் தையல் ஆகியவற்றை ஏற்கலாம். கோட், ஷெர்வானியின் தோள் அளவைத் தொடாதீர்கள். கையைக் கழற்றி, உள்ளே வைத்த கேன்வாஸையும் தோள் பேடையும் பிரித்து அமைக்க வேண்டிய அந்த வேலைக்குத் தனிப் பயிற்சி வேண்டும். அருகிலுள்ள ஒரு நல்ல ஜென்ட்ஸ் டெய்லரிடம் அதை அனுப்பிவிட்டு, அவரிடம் வரும் ரவிக்கைகளை உங்களிடம் அனுப்பச் சொல்லிப் பேசி வையுங்கள்.