வாசகர் கேள்வி பதில்: போனை ஓஃப் பண்ணினா வழக்கு ஓஃப் ஆகாது

கேள்வி: லண்டனில இருக்கிற என்ர மகன் குடிச்சிட்டுக் கார் ஓடின வழக்கில மறியலுக்குப் போகாம 80 மணித்தியாலம் சம்பளமில்லாத வேலை செய்யோணும் எண்டு தீர்ப்பு. ஞாயிறு ஞாயிறு போய் பார்க் துப்பரவாக்கிறவன். பெற்றோல் செட்டில ஷிப்ட் மாத்தினதால ஒருக்கா போகேல்ல, எச்சரிக்கைக் கடிதம் வந்திட்டுது. போன கிழமையும் காய்ச்சலெண்டு போகேல்லயாம், இப்ப புரொபேஷன்காரர் கோல் எடுப்பினம் எண்டு பயந்து போனை ஓஃப் பண்ணி வைச்சிருக்கிறான். நல்லூர்த் திருவிழாச் சாட்டில இஞ்ச வந்து கொஞ்சநாள் நிக்கட்டே?
- ஒரு அம்மா, கோண்டாவில்

பதில்: ஐயோ அம்மா, இப்ப கூப்பிட்டிடாதேங்கோ. அங்கத்தைய சட்டப்படி தகுந்த காரணமில்லாம முதல்தரம் தவறினா வழமையா எச்சரிக்கையோட விடுவினம், 12 மாசத்துக்குள்ள இன்னொருக்கா தவறினா ஃபைல் மேல போய் அனேகமா கோட்ஸுக்கும் போகும். ஆனா எல்லாம் அந்த "தகுந்த காரணம்" எண்டதிலதான் நிக்குது, காய்ச்சல் உண்மையெண்டா டொக்டரிட்டப் போன துண்டோ மருந்து வாங்கின பில்லோ ஏதாவது இருக்கும்தானே, அதை இப்பவே ஒபிசருக்கு அனுப்பச் சொல்லுங்கோ, பேசாம இருந்தா காய்ச்சலும் பொய்யாத்தான் தெரியும். ஷிப்ட் பிரச்சினைக்கும் வழி இருக்கு, இயலுமான அளவுக்கு ஆளின்ர வேலை நேரத்தோட முட்டாமத்தான் நாள் குறிக்கவேணும் எண்டு அந்தச் சட்டத்திலயே கிடக்கு, முதலாளி தந்த ஷிப்ட் அட்டவணையைக் காட்டி வேற நாள் கேக்கலாம். எங்கட பெடியளுக்கு இதைக் கேக்கிறதுக்குத்தான் வெக்கம்.

கோட்ஸுக்குப் போனாலும் உடன மறியல் எண்டில்ல. 2,500 பவுண் வரை தண்டம் அடிக்கலாம், மணித்தியாலத்தைக் கூட்டலாம், இல்லாட்டி பழைய குற்றத்துக்கே புதுசாத் தண்டனை குடுக்கலாம். ஒண்டு மட்டும் தீர்ப்புக் கடுதாசியில பாருங்கோ, இது ஒத்திவைச்ச மறியல் தண்டனையோட சேர்ந்த வேலையெண்டா கதை வேற, அநியாயம் எண்டு நீதவானுக்குப் பட்டாலொழிய அந்த மறியலைத்தான் நடைமுறைப்படுத்துவினம், அப்பிடியெண்டா இண்டைக்கே லோயரைப் பிடிக்கவேணும்.

இஞ்ச வந்து நிண்டா அங்க அழைப்பாணை வரும், போகாட்டி பிடிவிறாந்து, பிறகு எயார்போர்ட்டில இறங்கவும் பயம். திருவிழா 25 நாள் நடக்கும், ஒபிசரோட கதைச்சு ஒழுங்குபடுத்திப்போட்டு கடைசிக் கிழமைக்கு வரட்டும். போன் ஓஃப் எண்டாலும் உங்களோட வாட்ஸப்பில கதைக்கிறவன்தானே, இண்டைக்கு இரவு எடுத்தா முதல் இதைச் சொல்லுங்கோ, சாப்பிட்டியோ எண்டு பிறகு கேக்கலாம்.